ஆட்டமிழப்பா, ஓட்டமிழப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தொடக்கப்பள்ளி உடற்கல்விக் கையேட்டுக்கான கிரிக்கெட் சொற்பட்டியலில் பெரும்பாலானவற்றை நான் மனமார ஏற்கிறேன். மட்டை, வீச்சு, களத்தடுப்பு எல்லாம் வேரூன்றிவிட்ட சொற்கள். ஓவர், விக்கெட், ஸ்டம்ப் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவையும் தமிழ்தான். ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றக் கேட்கிறேன்: ஆட்டமிழப்பு.

பெரியவர்கள் ஆட்டத்துக்கு அது அருமையான சொல். விக்கெட் விழுந்தவர் ஆடும் வாய்ப்பை இழந்து வெளியேறுகிறார். சொல்லும் அதையே சொல்கிறது. நாம் சொல்லிக்கொடுக்கப்போவதோ இணை முறை. அணிக்கு 8 பேர், 4 இணைகள், இணைக்கு 2 ஓவர். அந்த 12 பந்தும் முடியும்வரை இருவரில் ஒருவரும் களத்தைவிட்டுப் போவதில்லை. ஸ்டம்ப் சாய்ந்தால் அணியின் கணக்கில் 5 ஓட்டம் குறையும், இருவரும் முனை மாறுவார்கள், அடுத்த பந்து வரும். கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதிருக்கத்தான் 200-இல் தொடங்குகிறோம். உள்ளரங்க கிரிக்கெட்டிலும் விக்கெட்டுக்கு இதே 5 ஓட்டக் குறைப்பு உண்டு.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு முதல் பந்திலேயே ஸ்டம்ப் சாய்ந்தது. மட்டையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். "உனக்கு இன்னும் பந்து இருக்கும்மா, வா" என்று கூப்பிட்டேன். "ஆட்டம் இழந்தாச்சுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க" என்று பலகையைக் காட்டினாள். அவள் பெயருக்கு நேரே 'ஆட்டமிழப்பு 1' என்று என் கையெழுத்து. விதியைப் பத்து நிமிடம் விளக்கியிருந்தேன். ஒற்றைச் சொல் அத்தனையையும் அழித்துவிட்டது.

அவள் இழந்தது ஆட்டத்தை அல்ல, ஓட்டத்தை. ஆகவே 'ஓட்டமிழப்பு' என்று முன்மொழிகிறேன். முதலெழுத்து மட்டுமே மாறுகிறது. 'ஓட்டமிழந்தாள்' என்று வினையாகவும் இயல்பாக வரும்.

'தண்ட ஓட்டம்' என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். முழு ஆட்டத்தின் விதிகளில் முறைகேட்டுக்கு எதிரணிக்குத் தரும் 5 ஓட்டங்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படும். அதோடு, 'தண்டம்' என்ற சொல்லை ஏற்கெனவே வீட்டில் கேட்டு நொந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மைதானத்திலும் அவர்கள் காதில் அது விழ வேண்டாம். 'ஓட்டக்கழிவு' பொருளில் சரிதான், ஆனால் கழிவு என்றதும் குப்பைதான் முன்னால் வருகிறது.

மறுமொழி:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தயக்கங்கள். ஓட்டமிழப்பு என்றதும் ரன் அவுட் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? பிறகு, இதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் முழு கிரிக்கெட்டுக்குப் போகும்போது ஆட்டமிழப்பு என்பதைப் புதிதாகப் படிக்க வேண்டுமே? களத்தில் எப்படியும் "அவுட்!" என்றுதானே கத்தப்போகிறார்கள்?

மறுமொழி:

அம்மா, கத்தட்டும். அந்தக் குரலை மாற்ற நான் சொல் தேடவில்லை. பலகைக்கும் ஓட்டத்தாளுக்கும் கையேட்டுக்கும்தான் தேடுகிறேன்.

ரன் அவுட் குழப்பம் நியாயமான கேள்வி. அதற்கு 'ரன் அவுட்' என்ற பெயரே இருக்கட்டும். இந்த ஆட்டத்தில் பந்து ஸ்டம்பில் பட்டாலும், பிடி கொடுத்தாலும், ஓடும்போது சிக்கினாலும் குறைவது அதே 5. எந்த வகையில் விழுந்தது என்ற பத்தியே நம் தாளில் கிடையாது. அதனால் இரண்டும் ஒரே இடத்தில் மோதாது.

ஆறாம் வகுப்பில் புதிதாகப் படிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அங்கே விதியே புதிது. இரண்டு சொற்களையும் பலகையில் அருகருகே எழுதி, "இதுவரை ஓட்டத்தை இழந்தீர்கள், இனி ஆட்டத்தையே இழப்பீர்கள்" என்று சொன்னால் போதும். தற்காத்து ஆடுவது ஏன் முக்கியம் என்பதும் அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

தொடக்கத்தில் தரும் 200-க்கு 'இருப்பு' என்று போட்டுப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்கு எழுதினார்கள்: இருப்பு 200, எடுத்த ஓட்டம் 31, ஓட்டமிழப்பு 3 முறை, அதற்கு 15, ஆக மொத்தம் 216. யாரும் தடுமாறவில்லை. இந்த இணை முறைக்கு 'இணைப்பாட்டம்' என்ற பெயர் மட்டும் வேண்டாம். இருவர் சேர்ந்து எடுக்கும் ஓட்டங்களுக்கு அது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. 'இணை ஆட்டம்' என்று பிரித்தே எழுதுவோம்.

வேறு மறுப்பு இல்லையென்றால் ஓட்டமிழப்பு, இருப்பு இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.