குழித்தறியின் உயரத்தில் கேமரா

எங்கள் இறுதியாண்டுக் குறும்படத்தின் ஸ்டோரிபோர்டில், அதாவது படமெடுக்கும் முன் ஷாட்களைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பதில், ஒரு காட்சியைப் பற்றிச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர் ஒருவர். நூல் கொடுக்கும் முதலாளி வீட்டுக்கே வந்து கூலியைக் குறைத்துப் பேசுகிறார். அவ்வளவுதான் காட்சி.

இரண்டு விதமாக வரைந்து வைத்திருந்தோம். இடம் பார்க்கப் போனபோது, தறியைக் காட்டிய பெரியவரிடம் இரண்டையும் கொடுத்தேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "நாங்க உக்கார்ற இடத்துல இருந்து பார்த்தா, உள்ள வர்றவங்க காலுதாம்பா முதல்ல தெரியும்" என்றார்.

குழித்தறியில் கால்கள் குழிக்குள் மிதியில் இருக்கும், உடம்பு தரை மட்டத்தில் இருக்கும். கண் இருப்பது ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில். முழுக் காட்சிக்கும் கேமரா அங்கேதான் என்று முடிவு செய்தோம். கேமராவைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கிப் பார்க்கும் லோ ஆங்கிள் வைத்தால் ஆள் பெரிதாகத் தெரிவார் என்று படித்திருக்கிறோம். ஆனால் நாங்கள் கேமராவை மேல்நோக்கித் திருப்பவே இல்லை. நிமிராமல், வேலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறவரின் பார்வை அது. முதலாளியின் குரல் மட்டும் பிரேமுக்கு மேலிருந்து வரும்.

இதற்கு லென்ஸும் ஒத்துவர வேண்டும். எங்களுடையது ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது சென்சார் முழு பிரேமைவிடச் சிறியது. எட்டடி தள்ளி 50 எம்எம் லென்ஸில் பார்த்தால் நாலடி அகலம்கூட அடங்காது. 18 போட்டால் பத்தடி வரும், ஆனால் நிற்பவரின் முகமும் உள்ளே வந்துவிடும். 24-இல் பிரேமின் மேல்விளிம்பு அவர் கழுத்தோடு நிற்கிறது. அதையே எடுத்துக்கொண்டு எல்லாக் கட்டங்களையும் அந்த அளவில் திரும்ப வரைந்தோம்.

பெரிய விவாதம் கூலியைச் சொல்லும் இடத்தில்தான். ஒளிப்பதிவு செய்யும் நண்பர் நெசவாளரின் முகத்துக்குக் குளோசப் கேட்டார். நான் கையைக் கேட்டேன். ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா கையிலேயே நிற்கிறது, கட்டத்துக்குக் கீழே 'தறிச் சத்தம் நிற்கிறது' என்று எழுதினோம். பிறகு முதலாளி சேலைக் கரையைச் சரிபார்க்கக் குந்துகிறார். அப்போதுதான், கேமரா அசையாமலே, அவர் முகம் முதல்முறை உள்ளே வருகிறது. இந்தக் கட்டத்தை வரைந்த பிறகு நண்பர் குளோசப் கேட்கவில்லை.

இன்னொருவரின் பகிர்வு

எங்கள் படத்தில் ஒரு பெண் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறாள். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இடமிருந்து வலமாக ஓடும். வீட்டிலிருந்து போன் வருகிறது. கேமரா எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கற்பனையாகப் போடுவது 180 டிகிரி கோடு. அடுத்த கட்டத்தில் வேண்டுமென்றே அந்தக் கோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்க இருக்கையிலிருந்து வரைந்தோம். மரங்கள் வலமிருந்து இடமாக ஓடும், பஸ்ஸே திரும்பிப் போவதுபோல் இருக்கும். நடுவில் முன்பக்கத்திலிருந்து ஒரு நேர் ஷாட் வைத்தால் அந்த உறுத்தல் போய்விடும் என்று ஆசிரியர் சொன்னார். நியாயமான யோசனைதான். ஆனால் அவள் மனம் திரும்பிய இடம் அது, உறுத்தட்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டோம்.