வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் தண்ணீர், சாக்கடை, குப்பை பற்றிக் கேட்டதுண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

ஆனையூர் வாசி:
2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய வாரம் எங்கள் தெருவுக்கு வந்த பெண் வேட்பாளரிடம், 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை இணைப்புக்கான வைப்புத்தொகையைத் தவணையாகக் கட்ட வழி செய்வீர்களா என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் கணவர் முன்னே வந்து, "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், சார்" என்றார். அந்த அம்மையாரோ தம் துண்டறிக்கையைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் என் கதவு எண்ணையும் 'தவணை' என்றும் எழுதிக்கொண்டார். அவர் தோற்றுவிட்டார். வென்றிருந்தால் மன்றத்தில் யார் பேசியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

செல்லூர்:
எங்கள் வார்டில் வந்தவர் மின்கட்டணத்தையே குறைப்பதாகச் சொன்னார். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்; கவுன்சிலர் கேட்டுப் பெறக்கூடியது தெருவிளக்குதான். அந்த விளக்கோ அவர் தலைக்கு நேர் மேலே அணைந்து கிடந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் வாக்குறுதிகளைப் படித்து முடித்தாரே தவிர, ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

அவனியாபுரம் அக்காள்:
ஆனையூர்க்காரர் கணவரைக் குறை சொல்கிறார். வீட்டுக்கு வரும் பெண் வேட்பாளரிடம் நலம் விசாரித்துவிட்டு, வேலை பற்றிய பேச்சைக் கணவரிடம் பேசுபவர்கள் நம் தெரு ஆண்களே என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். எங்களுக்கு வெள்ளக்கல் குப்பைக் கிடங்கின் நாற்றம் பழகிப்போன துன்பம். அதை வேறு ஊருக்கு மாற்றுவேன் என்றார் ஒரு வேட்பாளர். எந்த ஊருக்கு என்று கேட்டேன். அவர் தயங்க, உடன் வந்தவர் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். கொட்டடித்துக்கொண்டிருந்த இளைஞர் கையை நிறுத்திவிட்டு, "அது எங்கள் ஊர், அண்ணே" என்றார். அதன்பின் யாரும் கொட்டடிக்கவில்லை; கூட்டம் அப்படியே அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

பணி ஓய்வு பெற்றவன், திருநகர்:
என்னிடம் வந்தவர் கைகூப்பிவிட்டுப் போனார், அவ்வளவே. ஆனால் மேலே எழுதிய மூவரும் கேட்கத் தவறியது வரி. வாக்குகள் எண்ணி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1200 வரை 50 சதவீதம். எங்கள் தெருவுக்கு வந்த எந்தத் துண்டறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் திட்டத்தை மட்டும் எல்லாக் கட்சியினரும் தம் வீட்டுக் கிணறு போலச் சொல்லிக்கொண்டார்கள். அது அரசுகளின் பெருந்திட்டம், கவுன்சிலரின் கொடை அல்ல. கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது, கடைசித் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு அழுத்தத்தில் குழாயில் தண்ணீர் வரும், குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் மன்றத்துக்கு வந்தால் கை தூக்குவாரா மாட்டாரா என்பது. மேயரைத் தேர்ந்தெடுப்பவர்களும் கவுன்சிலர்களே என்பதால், யாருக்கு வாக்களிப்பார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். 2016 முதல் 2022 வரை மாமன்றமே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்ததில், கேட்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போயிற்று. கிராம சபை போல வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடுகின்றன. அங்கே போய், சொன்னதைப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.

செல்லூர்:
ஐயா, தலைப்பில் கேட்டது அனுபவம். இருந்தாலும் கை தூக்குவாரா என்ற கேள்வியை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மேலூர்ப் பக்கத்துக்காரன்:
மாநகராட்சிக்காரர்கள் கிராமத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்ற ஒருவர் எனக்கு மாமா முறை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் போட்ட மாலையோடு ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கி வந்தவர் உள்ளே கண்டதை யாரிடமும் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் வாங்கி வரும்படி கடைக்கு ஆள் அனுப்பினார். அவரிடம் வேறெந்த வாக்குறுதியையும் நான் கேட்கவில்லை.