சருகு ஊதும் மெஷின்: இப்போது ஓடுகிறது (புதுப்பிப்பு)

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் கொட்டும் வேப்பஞ்சருகுக்காக வாங்கிய பெட்ரோல் புளோயர், நாலு மாதம் சும்மா கிடந்துவிட்டு ஸ்டார்ட் ஆகவே மறுத்தது. பலரும் ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், பிளக் நன்றாகத்தான் இருந்தது.

கோளாறு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில். டேங்கில் விட்டுவைத்த பழைய பெட்ரோல் பிசின் மாதிரி உறைந்து, அதற்குள் பெட்ரோல் போகும் ஜெட்டின் நுண்துளையை அடைத்திருந்தது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை வேறு இழுக்கும். தெருமுனை டூவீலர் மெக்கானிக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார். சோக் போட்டு இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது!

டொராண்டோவில் இருக்கும் மச்சானிடம் சொன்னால் சிரிக்கிறார். அவருடைய பனி ஊதும் மெஷினிலும் இதே கதைதானாம். பனிக்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்ச பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விடுவாராம். அவருடையது ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின், ஆயிலைத் தனியாக ஊற்றுவது. என்னுடையது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே லிட்டருக்கு 25 மில்லி ஆயில் கலக்க வேண்டும். மிச்சம் தங்கிக் கெடாமலிருக்க, இனி ஒரு தடவைக்கு அரை லிட்டருக்கு மேல் கலப்பதில்லை.

அப்புறம், உள்முற்றத்தில் மட்டும் இதை எடுக்காதீர்கள். செம்மண் புழுதி பட்டாலை வரை போய், ஆச்சி காயப்போட்டிருந்த வற்றல் மேல் படிந்துவிட்டது. அங்கே பழையபடி விளக்குமாறுதான்.