450லிருந்து 270: ஒரே 454 இன்ஜினுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தெம்பனிஸ்_தம்பி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454இல் எல்எஸ்6 இன்ஜினுக்கு 450 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறது. 1972இல் அதே 454 கன அங்குலம், ஆனால் வெறும் 270. இரண்டே வருஷத்தில் 180 எங்கே போனது? 72 வண்டி குப்பை, தொடவே தொடாதே என்கிறார் மச்சான். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் (பழைய கார்களை வருஷத்தில் சில நாள் மட்டும் ஓட்ட விடும் திட்டம்) பிற்பாடு ஒன்று வாங்க ஆசை, அதனால்தான் கேட்கிறேன்.

பழையவண்டி_பிரியன்:
தம்பி, மச்சான் பேச்சைக் கேட்டு 72ஐ ஒதுக்கிவிடாதீர்கள். அந்த இரண்டு எண்களும் ஒரே முறையில் அளந்தவை அல்ல. முன்பு விளம்பரத்தில் போட்டது கிராஸ் கணக்கு, அதாவது இன்ஜினை மட்டும் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர் இல்லாமல், ஃபேன், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல், சைலன்சரும் இல்லாமல் அளந்தது. 72இல் வந்தது நெட் கணக்கு, வண்டியில் இருக்கிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டி அளப்பது. இடையில் 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டையுமே வெளியிட்டது: எல்எஸ்5 வகை 454க்கு (72இல் இருப்பதும் இந்த வகைதான்) கிராஸ் 365, நெட் 285. ஒரே இன்ஜின், காகிதத்திலேயே 80 குதிரை காணோம்! 72இன் 270ஐ அந்த 285க்குப் பக்கத்தில் வையுங்கள், குறைந்தது 15தான்.

அதற்காக எல்எஸ்6உம் 72உம் ஒன்று என்று சொல்ல மாட்டேன். எல்எஸ்6இன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற விகிதம்) 11.25, எல்எஸ்5க்கு 71 முதல் 8.5. ஈயம் இல்லாத, ஆக்டேன் (அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று கம்பெனியே குறைத்தது. அது நிஜமான இழப்பு.

ஹெமி_ரசிகன்:
குறைத்துச் சொன்ன கதையும் இருக்கிறது. 1969 ஷெவர்லே கமாரோ இசட்எல்1இல் முழுக்க அலுமினியத்தில் செய்த 427 இன்ஜின், மொத்தமே 69 வண்டிகள். இல்லினாய் மாநிலத்தின் ஃபிரெட் கிப் என்ற டீலர் டிராக் பந்தயத்துக்காக 50 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்ததால்தான் அது பிறந்தது. விலை 7,000 டாலரைத் தாண்டியதால் விற்க முடியாமல் திணறினார்கள். காகிதத்தில் 430 குதிரை, உண்மையில் 500க்கு மேல். குதிரைத்திறன் கூடினால் இன்ஷூரன்ஸ் கட்டணமும் ஏறிய காலம் அது.

எனக்கு உயிர் கிரைஸ்லரின் 426 ஹெமி இன்ஜின்தான். எரிப்பறை அரைக்கோளமாக இருப்பதால் இரண்டு வால்வுகளும் எதிரெதிரே சாய்ந்து நிற்கும், பெரிய வால்வு போடலாம், காற்று தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வரும். அதற்கு விலையாக ஹெட் அகலமாகிறது, எடை கூடுகிறது, தயாரிப்புச் செலவும் ஏறுகிறது. 1964 டேட்டோனா 500 கார் பந்தயத்தில் முதல் மூன்று இடத்தையும் ஹெமி பிளிமத்கள் அள்ளிக்கொண்டு போனதைப் படித்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது. தெருவில் ஓட்டும் ஹெமி 66இல்தான் வந்தது, காகிதத்தில் 425.

சின்மிங்_மெக்கானிக்:
நம் ஊர்ப் பக்கம் கொஞ்சம் வருவோம். வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும், அதிலும் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் பெரிய வி8 சூடேறி நிற்கும். 8.5 கம்ப்ரஷனுக்கு 95 ஆக்டேன் பெட்ரோலே போதும். 11.25க்கு 98 ஊற்றியும் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். 70 ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது பெட்ரோலில் இருந்த ஈயம்தான், அதனால் கடினமான சீட் மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் இங்கே ஓட்ட 72தான் நல்லது. இடப்பக்க ஸ்டீயரிங் விஷயத்தை மட்டும் காசு கொடுக்கும் முன்பே எல்டிஏவிடம் (நிலப் போக்குவரத்து ஆணையம்) கேட்டுவிடுங்கள்.

தெம்பனிஸ்_தம்பி:
ரொம்ப நன்றி. அப்புறம், 454 நிஜமா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

பழையவண்டி_பிரியன்:
அதிலும் 72க்கே லாபம். அந்த வருஷம் முதல் வண்டி எண்ணிலேயே இன்ஜின் குறியீடு இருக்கிறது, ஷெவெலில் ஐந்தாவது இடத்தில் டபிள்யூ என்றால் 454. 70இல் அது கிடையாது. பில்ட் ஷீட்டும் (தொழிற்சாலையில் அந்த வண்டிக்குப் போட்ட பாகங்களின் பட்டியல்), இன்ஜின் பிளாக்கில் அடித்த எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போவதும் இல்லாமல் யார் எல்எஸ்6 என்று சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.