பழைய வளாகத்தில் தோண்டும்போது ஏதாவது தட்டுப்பட்ட அனுபவம் உண்டா? எழுதுங்கள்

கடப்பாரை எழுதியது:

கட்டுமான வேலையில் இருப்பவர்கள், பழைய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

நான் இங்கிலாந்தில் சைட் இன்ஜினியர். ஒரு பழைய கல்லூரி வளாகத்தில் விடுதிக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டியிருந்தது. ஊரில் வேலை பார்த்துப் பழகிய எனக்கு முதல் அதிர்ச்சி, மண் எடுக்கும் இயந்திரத்துக்குக் கை காட்டும் அதிகாரம் என்னிடம் இல்லை என்பதுதான். தொல்லியல் பெண் ஒருவர் மஞ்சள் கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் மண் அள்ளும் பக்கெட்டுக்கு எதிரே நிற்பார். அவர் கை தூக்கினால் எல்லாம் நிற்கும்.

பக்கெட்டும் வேறு. பல் வைத்த பக்கெட்டைத் தொல்லியல் வேலை முடியும்வரை தொடவிடவில்லை. பல் மண்ணைக் கிழித்து எல்லாவற்றையும் கலந்துவிடுமாம். பல்லில்லாத அகலமான பக்கெட்டால் சவரக்கத்தி வழிப்பது போல மெல்லிய அடுக்காக எடுத்தார்கள். எனக்கு எல்லாம் மண்ணாகத்தான் தெரிந்தது. அவரோ ஒரு கருப்பு வட்டத்தைக் காட்டி, "இது மரத்தூண் நட்ட குழி" என்றார். பக்கத்தில் பச்சை படிந்த ஒரு திட்டு, அது கழிவுக்குழி. மனிதக் கை படாத சரளை வந்த பிறகுதான், நம்ம ஊர் அகழாய்வில் கன்னி மண் என்பார்களே, அது வந்த பிறகுதான் இடத்தை எங்களிடம் ஒப்படைத்தார்.

இது அவர்களுடைய நல்ல மனசால் நடப்பது இல்லை. 1990 முதல் அங்கே திட்ட அனுமதி முறையில் இருக்கும் ஏற்பாடு: கட்டுகிறவர்தான் தொல்லியல் செலவையும் ஏற்க வேண்டும். முதலில் பழைய வரைபடங்களைப் பார்த்து ஓர் அறிக்கை. பிறகு சோதனைக் குழிகள். அதில் ஏதாவது வந்தால் முழு அகழாய்வு. கடைசியில், வேலை நடக்கும்போது ஒருவர் நின்று பார்ப்பது. எலும்பு வந்தால் நீதி அமைச்சகத்திடம் தனி உரிமம் வாங்க வேண்டும். 1857-ல் போட்ட புதைப்புச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.

இந்த வகையில் பெரியது கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நடந்தது. 1879-ல் கட்டி முடித்த பழைய இறையியல் பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக 2010 முதல் 2012 வரை அகழ்ந்தார்கள். கீழே இருந்தது இடைக்கால மருத்துவமனை ஒன்றின் இடுகாடு. முழு எலும்புக்கூடுகளே 400 அளவுக்கு. உதிரிகளையும் சேர்த்தால் 1,300 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். அந்த மருத்துவமனை இருந்த இடத்தில்தான் 1511-ல் கல்லூரியே பிறந்தது.

---

பழைய மேஸ்திரி எழுதியது:

தம்பி, படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு எத்தனை நாள் போச்சு, இயந்திர வாடகையை யார் கொடுத்தாங்கன்னும் எழுதணும்ல.

நான் வளைகுடாவிலும் ஊரிலும் வேலை பார்த்தவன். எந்த இடம்னு சொல்ல மாட்டேன். ஒரு கல்லூரியில் கழிவுநீர் லைன் போடும்போது செங்கல் சுவர் ஒண்ணு வந்தது. இப்போ வர்ற செங்கல் இல்லை, பெரிசு, தட்டையா இருந்தது. மேலே இருந்தவர் வந்து பார்த்தார், "மூடு" என்றார். ராத்திரியோட ராத்திரியா மூடியாச்சு. அவரைக் கெட்டவர்னு சொல்ல வரலை. தெரிஞ்சா வேலை நிக்கும், எப்போ திரும்பத் தொடங்கும்னு யாருக்கும் தெரியாது, நாள் தவறினால் அபராதம் அவர் தலையில். அந்தக் கணக்கில் வேற யாரா இருந்தாலும் மூடத்தான் செய்வான்.

---

ஈஸ்ட் லான்சிங் மாணவி எழுதியது:

மேஸ்திரி அண்ணா சொன்ன கணக்கைத்தான் நான் படித்த இடத்தில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டி. 1855-ல் தொடங்கியது. கேம்பிரிட்ஜோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை. ஆனால் முதல் விடுதியே இன்று மண்ணுக்குள் இருக்கிறது. 1856-ல் கட்டியது, பெயர் செயின்ட்ஸ் ரெஸ்ட். 1876 டிசம்பரில், விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தபோது எரிந்துபோனது. பல்கலைக்கழகத்தின் 150-ம் ஆண்டையொட்டி 2005-ல் அதைத் தோண்டிப் பார்த்தார்கள். பேராசிரியர் லின் கோல்ட்ஸ்டீன் அதோடு விடவில்லை. வளாகத் தொல்லியல் திட்டம் என்று ஒன்றை நிரந்தரமாகவே ஏற்படுத்தினார்.

அங்கே வளாகத் தொல்லியலாளர் என்ற பொறுப்பில் இருப்பவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். நடைபாதை மாற்றுவது, நீராவிக் குழாய் போடுவது, மரம் நடுவது என எந்த வேலைக்கும் கட்டுமானப் பிரிவின் திட்டம் முன்கூட்டியே அந்த மாணவருக்குத் தெரியும். வேலைக்கு முன்பே வரிசையாகச் சின்னச் சின்னக் குழி போட்டு, மண்ணைச் சல்லடையில் சலித்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் காண்ட்ராக்டர் நிம்மதியாக இறங்கலாம். இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். இயந்திரம் வந்து நின்ற பிறகு தெரிவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று மேஸ்திரி அண்ணாவுக்கே தெரியும்.

எல்லாமே முன்கூட்டித் தெரிந்துவிடாது. 2015-ல் நடைபாதை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பழைய கழிப்பறைக் குழி ஒன்று வெளிப்பட்டது. அந்தக் காலத்தில் வேண்டாததையெல்லாம் அதில்தான் எறிவார்கள். உடைந்த தட்டுகள், பாட்டில்கள், ஒரு பீங்கான் பொம்மையின் தலை. அந்தப் பொம்மைக்கு மேபல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். (என் அறைத்தோழிக்கு அதன் படத்தைப் பார்த்தாலே பயம்.)

எனக்குப் பிடித்தது 2023-ல் நடந்தது. மாணவர்கள் படுக்க வலை ஊஞ்சல் கட்டுவதற்காகக் கம்பம் நட்டார்கள். குழி போட்ட தொழிலாளர்களுக்குக் கடினமான ஏதோ தட்டியது. பெரிய கல்லாக இருக்கும் என்று கடப்பாரையால் பெயர்த்துப் போட்டிருக்கலாம். அவர்கள் தொல்லியல் குழுவுக்குச் சொன்னார்கள். பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 1881-ல் ரோலா கார்ப்பென்டர் என்ற பேராசிரியர் கட்டிய முதல் வானியல் ஆய்வுக்கூடத்தின் அஸ்திவாரம். அதற்கு முன்னால் அவர் காலேஜ் ஹால் என்ற கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் நட்சத்திரம் காட்டியிருக்கிறார். அந்தக் காலேஜ் ஹாலும் 1918-ல் இடிந்து விழுந்துவிட்டது. ஊஞ்சல் கம்பம் நடுபவர் வரைக்கும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது பாருங்கள், அதைத்தான் நான் பெரிய விஷயமாகச் சொல்வேன்.

---

சல்லடை எழுதியது:

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1966-ம் ஆண்டின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலைக்குத்தான் பொருந்தும். பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் தன் நிலத்தைத் தோண்டினால் அந்தச் சட்டம் அங்கே வராது. மிச்சம் மாநிலச் சட்டம், நிர்வாகத்தின் விருப்பம்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பால்ட்வின் ஹால் என்ற கட்டடம், 1938-ல் கட்டியது, ஊரின் பழைய இடுகாட்டை ஒட்டி நிற்கிறது. அதை விரிவாக்கும்போது 2015 நவம்பரில் மனித எலும்புகள் வந்தன. கடைசியில் எண்ணியது 105 புதைகுழிகள். மாதிரிகளில் மரபணு சோதித்தபோது பெரும்பாலானவர்களுடைய தாய்வழி ஆப்பிரிக்கா என்று வந்தது. அதாவது அடிமைகளாக இருந்தவர்கள், அல்லது அவர்கள் வழிவந்தவர்கள். 2017 மார்ச்சில் வேறொரு இடுகாட்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். எங்களைக் கேட்காமல் ஏன் செய்தீர்கள் என்று உள்ளூர்க் கறுப்பினத்தவர் கேட்டார்கள். அடுத்த ஆண்டு நினைவிடம் வைத்த பிறகும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

பக்கத்தில் இடுகாடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். வேலி போட்ட இடத்தோடு புதைகுழிகள் நின்றிருக்கும் என்று நினைப்பதுதான் வழக்கமாக நடப்பது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் 2012-ல் கல்லறைத் தோட்டத்தை விரிவாக்கப் போனபோது, சுவருக்கு வெளியே குறியீடு எதுவும் இல்லாத 67 குழிகள் இருப்பது தெரிந்தது. அங்கே முன்கூட்டியே தொல்லியலாளரை விட்டுப் பார்த்ததால் விரிவாக்கத்தைக் கைவிட்டு, இருந்ததை இருந்தபடியே விட்டார்கள்.

---

ஈஸ்ட் லான்சிங் மாணவி எழுதியது:

அந்த 105 பேர் விஷயம் எனக்குத் தெரியாது. பொம்மைத் தலைக்குச் சிரிக்கிற மாதிரி இதற்குச் சிரிக்க முடியாது. எலும்பு என்றால் பேச வேண்டியவர்கள் வேறு. தொல்லியலாளர் ஒருவர் கை தூக்கினால் மட்டும் போதாது.

---

சென்னைவாசி எழுதியது:

நம்ம நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த பழஞ்சின்னமாக இருந்தால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டவே கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 2010 திருத்தத்தில் இது சட்டத்துக்குள்ளேயே வந்தது. அறிவிக்கப்படாத இடத்துக்கு இது பாதுகாப்பு தராது. புதையல் சட்டம் 1878-ல் போட்டது. கிடைத்தது 10 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மேஸ்திரி சார் பார்த்த செங்கல் சுவருக்கு என்ன விலை போடுவது?

---

பழைய மேஸ்திரி எழுதியது:

செங்கலுக்கு விலை போட்டா பத்து ரூபாய் தாண்டத்தான் செய்யும் சார், இன்னைக்கு நிலவரத்துக்கு. என் கேள்விக்கு இன்னும் பதில் வரலை. வாடகை?

---

கடப்பாரை எழுதியது:

மன்னிக்கணும் அண்ணா, ஷிப்டில் இருந்தேன். எங்கள் சைட்டில் தொல்லியல் நாட்கள் ஆரம்பத்திலேயே கால அட்டவணைக்குள் இருந்தன. அந்த நாட்களில் இயந்திரம் அவர்களுக்கு வேலை செய்கிறது, செலவு கல்லூரியின் பட்ஜெட்டில். அதற்கு மேல் எதிர்பாராமல் ஏதாவது வந்தால், காண்ட்ராக்டருக்குக் கூடுதல் நாளும் நின்ற இயந்திரத்துக்கு வாடகையும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தனி ஷரத்து. அதனால் எங்கள் ஃபோர்மேனுக்கு மறைப்பதில் லாபம் எதுவும் இல்லை. ஒருமுறை அவரே ஓட்டுநரை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். வந்து பார்த்தால் விக்டோரியா காலத்துக் கழிவுநீர்க் குழாய். குறித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

எப்போதும் தோண்டி எடுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஒரு மூலையில் பழைய சுவர் அடித்தளம் வந்தது. அதன்மேல் துணிவிரிப்பும் மணலும் போட்டு மூடி, எங்கள் பைல்களை (மண்ணில் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்களை) இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, பீமை மேலே பாலமாகக் கொண்டுபோனோம். ஸ்ட்ரக்சுரல் ஆட்கள் முணுமுணுத்தார்கள், கம்பி கொஞ்சம் கூடியது. டிராயிங்கில் அந்த இடத்தைச் சிவப்பில் குறித்து வைத்திருக்கிறோம், அடுத்து லைன் போட வருகிறவர் பார்க்கட்டும் என்று.

மேஸ்திரி அண்ணா, அடுத்த டெண்டரில் ஷரத்து எழுதச் சொன்னால் மூன்றைக் கேளுங்கள்: நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் வந்து பார்ப்பார்கள், நின்ற நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு. மூன்றாவதை ரூபாயில் எழுதி வாங்கிவிடுங்கள். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.