ஊருணியில் குப்பை பொறுக்குவதை ஊர்வேலையாக மாற்றுவது எப்படி?

கேள்வி: ஊருணிக்கரையான்

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கல்லூரி, ஐடிஐ படிக்கிற ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் ஊருணியில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். அடுத்த வாரமே மறுபடி குப்பை. ஊரில் பாராட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஒருவரும் இறங்குவதில்லை. கஜா புயலுக்குப் பிறகு, 2019-ல் பேராவூரணி இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பெரியகுளம் ஏரியில் தொடங்கிய தூர்வாரும் வேலை எத்தனையோ ஊர்களுக்குப் பரவியதே! அப்படி ஆக வேண்டுமென்றால் எதில் கைவைக்க வேண்டும்? உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஜேசிபி வைக்கலாமா? எங்களில் மூன்று பேருக்கு 18 வயது ஆகவில்லை.

பதில்: கலுங்கடி

தம்பி, குப்பை பொறுக்குவதைப் பார்த்து ஊர் இறங்காது. ஊருணிக்குத் தண்ணீர் வந்தால் இறங்கும். அதனால் முதல் வேலை வரத்துக்கால், அதாவது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்.

தாலுகா சர்வேயரிடமோ இ-சேவை மையத்திலோ ஊருணிக்கும் வரத்துக்காலுக்கும் உரிய புலப்படமும் (எஃப்எம்பி, நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்கிற பதிவு) வாங்குங்கள். கையில் வைத்துக்கொண்டு, கால் தொடங்கும் தலைப்பிலிருந்து ஊருணி வாய்வரை நடங்கள். ஒரு நல்ல மழை பெய்யும்போதே நடந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே திரும்பி ஓடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் அடைப்பு இருக்கும்: ரோட்டுக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலம், யாரோ வாய்க்காலை மறித்துப் போட்ட வரப்பு, கருவேலம் விழுந்து மண் மேடிட்ட வளைவு.

குழாய்ப் பாலத்தை விசேஷமாகக் கவனியுங்கள். ரோடு போடும்போது குழாயைக் கால்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நீங்கள் மேலே எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். பத்து மீட்டர் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பத்துப் பத்து மீட்டராக மட்டம் பார்த்துக் குறியுங்கள். 100 மீட்டருக்கு 5 முதல் 10 செ.மீ. இறக்கம் இருந்தாலே தண்ணீர் நகரும். நடுவில் ஓரிடம் மேடாக இருந்தால் அதை மட்டும் வெட்டுங்கள், முழுக் காலையும் வெட்டி முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

ஆடிக்குள் முடியுங்கள். ஐப்பசி மழையில் ஊருணிக்குள் தண்ணீர் விழுந்துவிட்டால் அப்புறம் நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

பதில்: மனுக்காரன்

கலுங்கடி அண்ணன் சொன்னது சரி, ஆனால் மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன்பே காகித வேலையும் ஓட வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மனு கொடுக்கலாம் என்று இருந்தால் அடுத்த வருஷம் பையன்கள் வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள், கால் மறுபடி தூர்ந்துவிடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருந்தால் அடுத்து வருகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

முதலில் இது யாருடைய நீர்நிலை என்று பாருங்கள். ஊருணி, குட்டை என்றால் ஊராட்சி. பாசனக் கண்மாயில் ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. இது தெரியாமல் மனு கொடுத்தால் மேசை மேசையாகச் சுற்றும்.

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கோடையும் முன்னால் இருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு அதுதான் பொருத்தம். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். 'ஊருணியைத் தூர்வார வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். புல எண், காலின் நீளம், அடைபட்ட இடம், உயர்த்திப் போட்ட குழாயை இறக்கி வைக்க வேண்டும் என்கிற கோரிக்கை என்று எழுதிக் கொடுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதை அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நகல் கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

18 ஆகாத மூன்று பேருக்குக் கிராம சபையில் ஓட்டு கிடையாது. மட்டம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, படம் எடுப்பதெல்லாம் அவர்கள் செய்யலாம். 17 முடிந்தவுடனே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

பதில்: வண்டல்

ஜேசிபி கேட்டீர்களே, இப்போதைக்கு வேண்டாம். ஊருணி தண்ணீர் பிடித்து நிற்பதே அடியில் இருக்கிற களிமண்ணால்தான். ஆழம் ஆழம் என்று அதைக் கிழித்து மணல் தட்டுக்குப் போய்விட்டால் மாசிக்குள் வற்றிவிடும். கரையடியை ஒட்டித் தோண்டினால் முதல் பெருமழையில் கரை சரியும். செங்குத்தாகக் குழி விட்டால் ஆடு மாடும் குழந்தைகளும் விழும். இயந்திரம் வந்தே தீர வேண்டும் என்றால் பொறியாளர் மட்டக்குறி அடித்த பிறகு வரட்டும்.

வண்டலை இஷ்டத்துக்கு அள்ளாதீர்கள், அது கனிமத் திருட்டு வழக்கில் போய் முடியும். மாவட்ட அரசிதழில் அந்த நீர்நிலை இருந்தால் விவசாயிகள் விண்ணப்பிக்கலாம், 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். ஏக்கருக்கு நஞ்சை 75 கன மீட்டர், புஞ்சை 90 கன மீட்டர். பத்து விவசாயிகளை விண்ணப்பிக்க வையுங்கள். தூர்வாரும் செலவும் குறையும், அவர்களும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். ஓர் அடி தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். மழை ஈரத்தில் கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம், ஆட்டுப்புழுக்கையில் விழுந்த விதை வருஷாவருஷம் முளைக்கும். முள் செருப்பைத் துளைக்கும், ஷூ இல்லாதவரை இறக்காதீர்கள். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியும் போட்டிருக்க வேண்டும். புறம்போக்கு மரத்தை அனுமதி இல்லாமல் விற்கவும் கூடாது. நாட்டுக் கருவேலத்தைச் சேர்த்து வெட்டிவிடாதீர்கள்: அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ கதிர்போல் நீளும், காய் ஒடுங்காமல் பட்டையாக இருக்கும்.

பதில்: தெற்குத்தெரு

உங்கள் எட்டுப் பேரும் ஒரே தெருவா? அப்படியென்றால் மற்ற வேலைக்கெல்லாம் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். ஊருணி விஷயத்தில் சாதி சும்மா இருக்காது. 'அவங்க தெரு வேலை' என்று பெயர் விழுந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது. காலனியிலிருந்து இரண்டு பேர் முடிவெடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். கூடை தூக்க மட்டும் அழைப்பது அவமானம்.

காசு ரொக்கமாக வாங்க வேண்டாம். டீசல், கூடை, மண்வெட்டி என்று பொருளாகக் கேளுங்கள். வரவு செலவை ஞாயிறு மாலையே டீக்கடைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

வாய்க்காலை மறித்தவர் யாராவது உங்கள் சித்தப்பாவோ மாமாவோதான் இருப்பார். நேரே சண்டைக்குப் போகாமல் சர்வேயரை அளக்க வைத்துக் கல் ஊன்றச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வரப்பை முதலில் எடுத்தால்தான் அடுத்தவர் வரப்பைப் பற்றிப் பேச வாய் இருக்கும்.

ஊருணிக்கரையான்: ஏழு பேர் ஒரே தெருதான் அண்ணே. குழாய்ப் பாலம் ஒன்றிய ரோட்டில் வருகிறது, அதற்கும் கிராம சபைதானா?

மனுக்காரன்: தீர்மானம் கிராம சபையில் போடுங்கள். நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு, மட்டம் எடுத்த தாளையும் படத்தையும் இணையுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒன்று கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.