நகைச்சுவைத் தொடர்களில் மணமுறிவு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

மாலைவாசகர் (கேள்வி)

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களைக் கால வரிசைப்படி பார்த்து வருகிறேன். 1960களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தந்தையரும் தாயரும் திரையில் நிறையவே வருகிறார்கள்; ஆனால் அவர்களில் ஏறத்தாழ அனைவரும் துணையைச் சாவுக்குப் பறிகொடுத்தவர்கள். 1960இல் தொடங்கிய 'மை த்ரீ சன்ஸ்' தொடரின் தந்தை மனைவியை இழந்தவர். 1968இல் வந்த 'ஜூலியா'வின் தாய், வியட்நாம் போரில் கணவரை இழந்த செவிலியர். மணமுறிவு அந்நாட்டில் அப்போது அரிதான ஒன்றல்ல. அப்படியிருக்க, மரணத்தைச் சிரிப்புக்குப் பின்னணியாக ஏற்றுக்கொண்டவர்கள் மணமுறிவை ஏற்கத் தயங்கியது ஏன்? மாறிவரும் குடும்பத்தை நகைச்சுவை உள்ளபடி காட்டுகிறதா, அல்லது பார்வையாளர் முகம் சுளிக்காத வடிவத்தில்தான் தருகிறதா?

திரைக்குறிப்பு

தயங்கியவர்கள் எழுத்தாளர்கள் அல்லர், ஒளிபரப்பு நிறுவனங்களே. 1969இல் தொடங்கிய 'தி பிரேடி பஞ்ச்' தொடரில் தாயை மணமுறிவு பெற்றவராகக் காட்டவே அதை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் விரும்பினார். நிறுவனம் ஒப்பாததால், அந்தத் தாயின் முதல் திருமணம் என்னவாயிற்று என்பது தொடரில் கடைசிவரை சொல்லப்படவே இல்லை. 1970இல் வந்த 'தி மேரி டைலர் மூர் ஷோ'வின் நாயகியும் முதலில் மணமுறிவு பெற்றவராகத்தான் எழுதப்பட்டார். எதிர்ப்புக்குப் பின், நெடுநாள் காதலனைப் பிரிந்து வந்தவராக மாற்றப்பட்டார்.

மரணத்தில் யார்மீதும் பழி இல்லை என்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். மணமுறிவு என்றதும் 'தவறு யாருடையது?' என்ற கேள்வி எழுந்துவிடும். குற்றம் சுமந்த ஒருவரைப் பார்த்து மக்கள் மனம்விட்டுச் சிரிப்பார்களா என்று விளம்பரதாரர்களும் அஞ்சியிருப்பார்கள். சட்டமும் அன்று அதே கேள்வியைத்தான் கேட்டது. துணைவரின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே மணமுறிவு பெறும் முறையைக் கலிபோர்னியா 1970 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1975இல், மணமுறிவு பெற்று இரு மகள்களை வளர்க்கும் தாயை நடுநாயகமாக வைத்து 'ஒன் டே அட் எ டைம்' வந்தது. சட்டம் பழி தேடுவதைக் கைவிட்ட பிறகே திரையும் கைவிட்டது என்பதைத் தற்செயலாக என்னால் எண்ண முடியவில்லை.

பின்வரிசை

திரைக்குறிப்பு அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அச்சம் விலகிய பிறகும் நீடித்த ஒரு தடை உண்டு. அது படப்பிடிப்பு முறை. 1951இல் 'ஐ லவ் லூசி' நிலைநாட்டிய வழக்கப்படி, பார்வையாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, நிலையான அரங்கில் மூன்று கேமராக்களைக் கொண்டு படம்பிடித்தார்கள். அந்த அரங்கின் நடுவே ஒரு வரவேற்பறை இருக்கும்; கதை மாந்தர் அனைவரும் அங்கே வந்து சேர வேண்டும். ஆகவே குடும்பம் எப்படிச் சிதறினாலும் தொடர் அதை மீண்டும் ஒரே கூரையின்கீழ் கூட்டிவிடும். 1987இல் தொடங்கிய 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் தாய் இறந்ததும், தந்தையோடு மைத்துனரும் நண்பரும் குடியேறி மூன்று பெண் குழந்தைகளை வளர்க்கிறார்கள். வெற்றிடம் முதல் வாரத்திலேயே நிரம்பிவிடுகிறது.

பெற்றோர் பிரிந்த குழந்தைக்கோ இரண்டு வீடுகள். வாரக் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதுதான் அதன் அன்றாடம். அந்த இரண்டாம் வீட்டுக்கு அரங்கில் இடமில்லாததால், அங்கே குழந்தை வாழும் பாதி வாழ்க்கையை நாம் பார்ப்பதே இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. 2009இல் வந்த 'மாடர்ன் ஃபேமிலி' அரங்கப் பார்வையாளர்களை விட்டுவிட்டு ஆவணப்பட பாணியில் எடுக்கப்பட்டதால்தான், மறுமணம் செய்த மூத்தவர், அவருடைய மகள் குடும்பம், குழந்தையைத் தத்தெடுத்த ஆண் இணையர் என மூன்று வீடுகளுக்கிடையே இயல்பாக நகர முடிந்தது.

கரையோரம்

ஒரே கூரையின்கீழ் கூடுவதை நீங்கள் குறையாக மட்டும் பார்ப்பது சரியல்ல, நண்பரே. 1985இல் தொடங்கிய 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடரில் கணவரை இழந்த மூவரும் மணமுறிவு பெற்ற ஒருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். இருவர் தாயும் மகளும்; மற்றவர்களுக்கு இரத்த உறவு கிடையாது. நோய்க்கும் பணமுடைக்கும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அந்த ஏற்பாட்டை, இழந்த குடும்பத்துக்கான ஈடாக அல்லாமல் ஒரு குடும்பமாகவே தொடர் நடத்தியது. அதற்கு அந்த ஒற்றை வரவேற்பறையும் சமையலறை மேசையும்தான் உதவின. முதுமையில் யாருடன் வாழ்வது என்ற கேள்வியை அவ்வளவு நேராக எடுத்துக்கொண்ட நகைச்சுவைத் தொடர்கள் அதன் பிறகும் மிகச் சிலவே வந்திருக்கின்றன.